பதிவேட்டில் பெயர் ஏறும் வரை: திருகோணமலையிலிருந்து சுகாதாரத் தொழில் பதிவுக்குப் போகிறவர்களுக்கு

தாதியர் படிப்போ மருந்தாளர் படிப்போ முடித்துப் பிள்ளை சான்றிதழோடு வீட்டுக்கு வந்ததும், "இனி வேலைக்குப் போகலாந்தானே?" என்று வீட்டார் கேட்பார்கள். இன்னும் போக முடியாது. நீங்கள் படித்தீர்கள் என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ் சாட்சி. தொழில் செய்யும் உரிமை பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் தொழிலுக்குரிய சபையின் பதிவேட்டில் பெயர் ஏறி, பதிவு எண் கைக்கு வந்த பிறகுதான் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லி நோயாளிக்கு முன்னால் நிற்கலாம். பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றம். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

பதிவு வேலை பலருக்கும் மாதக்கணக்கில் இழுபடுகிறது. சட்டம் கடினமாக இருப்பதால் இழுபடுவது குறைவு. தவறான அலுவலகத்தில் தொடங்குவதாலும், பெயர் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக இருப்பதாலுமே பெரும்பாலும் இழுபடுகிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டிலும்தான் அதிக நேரம் நிற்கப்போகிறது.

முதலில்: உங்களுக்கு எந்தச் சட்டம்?

கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. மாகாண சுகாதாரத் திணைக்களமும் இங்கேதான். அதனால் உரிமமும் இங்கேயே கிடைக்கும் என்று எண்ணிப் பலர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். கிராமிய வைத்தியசாலைகளை நடத்துவதும் ஆளணியை எங்கே போடுவது என்பதும் மாகாணத்தின் வேலை. யார் வைத்தியர், யார் தாதி, யார் மருந்தாளர் என்று முடிவு செய்வது பாராளுமன்றச் சட்டங்களால் அமைக்கப்பட்ட சபைகள். அவை நாடு முழுவதுக்கும் ஒன்றே.

தமிழ்நாட்டில் படித்துத் திரும்பியவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் தாதியருக்கும் மருந்தாளருக்கும் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சபை உண்டு. தமிழ்நாட்டுத் தாதியர் சபை 1926ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தில் நிற்கிறது. மருந்தாளர்களுக்கு 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டத்தின்கீழ் மாநில மருந்தியல் சபைகள் இருக்கின்றன. இலங்கையில் மாகாணத்துக்கு மாகாணம் அப்படியொரு சபை இல்லை. மட்டக்களப்பில் படித்தாலும் யாழ்ப்பாணத்தில் படித்தாலும் பதிவேடு ஒன்றுதான்.

வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், மருத்துவ மாது ஆகியோருக்கு 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம். அதை நடத்துவது இலங்கை மருத்துவ சபை. மருத்துவத்துக்குத் துணையான தொழில்களும் அதே சபையில்தான் பதிவாகின்றன: மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், ரேடியோகிராஃபர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், ஈசிஜி பதிவாளர் போன்றவர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப் பதிவேடு உண்டு என்பதால் விண்ணப்பப் படிவமும் வேறாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஆய்வுகூடத்துக்கு நிரப்பிய படிவத்தைப் பிரதி எடுத்து மருந்தாளருக்கு நிரப்பினால் அது திரும்பி வரும்.

தாதியருக்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் சபைச் சட்டம். இது வேறு சபை. மருத்துவ சபையின் வாசலில் தாதியர் விண்ணப்பத்தோடு நின்றால் ஒரு நாள் வீண்.

சித்தம், ஆயுர்வேதம், யுனானி, சுதேச வைத்தியம் எல்லாம் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அந்தச் சட்டத்தில் "ஆயுர்வேதம்" என்ற சொல்லுக்குள்ளேயே சித்தமும் யுனானியும் அடக்கம். "நாங்கள் சித்த வைத்தியர், ஆயுர்வேத சபை எங்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஹோமியோபதிக்கு 2016ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது.

படிப்பில் சேருமுன்னே கேட்க வேண்டிய ஒரே கேள்வி

பரீட்சை முடிவு வந்த வாரத்தில் நகரத்து மதில்களெல்லாம் "அரச அங்கீகாரம் பெற்ற பாடநெறி" என்ற சுவரொட்டியால் நிறையும். அந்த வாசகம் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருக்கலாம், என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமை மட்டமும் தரலாம். அது ஒரு பயிற்சி நிறுவனம் முறைப்படி இயங்குகிறது என்பதற்கான பதிவு. அந்தப் படிப்பை முடித்தவரைத் தொழிலில் சேர்த்துக்கொள்வதாக எந்தச் சபையும் அதன்மூலம் வாக்குக் கொடுக்கவில்லை.

"தாதி உதவியாளர்", "மருந்தக உதவியாளர்", "பராமரிப்பாளர்" ஆகிய பாடநெறிகளை முடித்தால் அந்த உதவியாளர் வேலைக்குத் தகுதி வரும். தாதியாகவோ மருந்தாளராகவோ பதிவு வராது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இங்கே நடத்தப்படும் பட்டங்களுக்கும் இந்தச் சந்தேகத்தைக் கட்டாயம் கேட்டுத் தீர்க்க வேண்டும்.

ஆகவே முற்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது இதுதான்: "இந்தப் பாடநெறியை முடித்தவரை எந்தச் சபை, எந்தப் பதிவேட்டில் ஏற்றுகிறது? அந்தச் சபை தந்த கடிதத்தைக் காட்டுங்கள்." கடிதத்தில் மூன்றைப் பாருங்கள். சபையின் பெயர் இருக்க வேண்டும். பாடநெறியின் பெயர் சுவரொட்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நீங்கள் சேரும் ஆண்டை அந்த அங்கீகாரம் உள்ளடக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம், வரும்" என்றால் இன்னும் இல்லை என்று பொருள். அதன்பிறகு சபைக்கே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பொறுத்திருப்பதால் கெட்டுப்போவது எதுவுமில்லை. மூன்று ஆண்டு படித்துவிட்டுப் பதிவு கிடையாது என்று அறிவது ஒரு குடும்பத்தின் காணியையே விழுங்கிவிடும்.

நிச்சயமான வழிகளும் இருக்கின்றன. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு டிப்ளோமா படிக்கலாம். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவமும் தாதியமும் உண்டு. சித்த மருத்துவத்துக்கு ஊரைவிட்டே போக வேண்டியதில்லை, கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்திலேயே படிக்கலாம்.

மருந்தாளருக்குப் பட்டமும் அரச டிப்ளோமாவும் தவிர இன்னொரு வழி உண்டு. பதிவான மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக இருந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்து பதிவுக்குப் போகலாம். இதில் விழும் பிழை எப்போதும் ஒன்றுதான்: பாமசியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் பயிலுநர் பதிவைப் பற்றிக் கேட்கிறார்கள். பதிவு செய்யாமல் நின்ற நாட்கள் அனுபவமாகலாம், பயிற்சிக் காலமாகக் கணக்கில் சேராது. முதலில் பயிலுநராகப் பதிவு, அதன்பிறகே வேலை.

பெயர்

கோப்புகள் மிக அதிகமாகச் சிக்குவது இந்த இடத்தில். ஆறுதலாக வாசியுங்கள்.

ஓர் உதாரணம். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது: தந்தை சிவலிங்கம், பிள்ளை கஜேந்திரன். அடையாள அட்டையில் "சிவலிங்கம் கஜேந்திரன்". சாதாரண தரச் சான்றிதழில் பாடசாலை அனுப்பிய ஆங்கில எழுத்தில் பெயர் "ஜி"யில் தொடங்குகிறது. கடவுச்சீட்டில் அது "கே"யில் தொடங்குகிறது. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழில் "எஸ். கஜேந்திரன்" என்று முதலெழுத்து மட்டும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே ஆள். பதிவேட்டு எழுதுநருக்கு அது மூன்று ஆள். அவரைக் குறை சொல்லவும் முடியாது, தவறான ஆளுக்குப் பதிவு எண் போகாமல் காப்பதுதான் அவருடைய வேலை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். முகம்மது என்ற ஒரு பெயரே மொஹமட், முஹம்மத், மொஹம்மத் என்று ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக விழும். "எம்.எப்." என்ற முதலெழுத்துகள் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் நிற்கும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்கள் விவாகப் பதிவுச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியையும் கோப்பில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியதை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஆவணங்களை வரிசையாக எழுதுங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாதாரண தரம், உயர்தரம், பயிற்சிச் சான்றிதழ், பெறுபேற்று அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் உள்ளபடியே பெயரை, புள்ளி உட்பட, பார்த்து எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதவே கூடாது. பிறந்த தேதியையும் அதே போலப் பாருங்கள். வேறுபாடு எங்கே என்று இப்போது கண்ணுக்கே தெரியும்.

எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு என்றால் பெரும்பாலும் ஒரு சத்தியக் கடதாசி போதும். சமாதான நீதவானிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ, "இந்த ஆவணங்களில் இவ்விதமாக எழுதப்பட்ட பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்" என்று ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே குறிப்பிட்டு முடியுங்கள். "பெயரில் சிறு வேறுபாடு உள்ளது" என்று பொதுவாக எழுதிய கடதாசியால் பயன் குறைவு. அதில் எந்த ஆவணமும் பெயரிடப்படவில்லை.

பெயரே வேறு, அல்லது தந்தை பெயர் வேறு என்றால் சத்தியக் கடதாசியோடு நிற்காதீர்கள். பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும். அதற்கு உங்கள் பிறப்புப் பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் தொடங்குங்கள், திருகோணமலை நகரத்தில் பிறந்தவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து பின்னர் பிந்திய பிறப்புப் பதிவு எடுத்தவர்களின் தாள்களில் தேதியோ ஊரோ மாறி நிற்பது சாதாரணம். படிப்பு முடியும்வரை காத்திராமல் முதலாம் ஆண்டிலேயே இதைத் தொடங்குங்கள். எதைத் திருத்தினாலும் முதலில் பிறப்புப் பதிவு, பிறகு அடையாள அட்டை, பிறகு கடவுச்சீட்டு. தலைகீழாகப் போனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்ய நேரும்.

அடையாள அட்டை எண்ணிலும் ஒரு சிறு பொறி இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வரும் எண் பன்னிரண்டு இலக்கம். பழைய எண் புதியதாகும்போது முன்னால் 19 சேரும், முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 நுழையும், கடைசி எழுத்து விழும். உதாரணத்துக்கு, 88 என்று தொடங்கும் பழைய எண் 1988 என்று தொடங்கும். கல்லூரியில் பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு இடையில் அட்டையை மாற்றியவர்கள், விண்ணப்பத்தில் புதிய எண்ணை எழுதி, பழைய அட்டையின் பிரதியையும் இணைத்துவிட்டால் கேள்வி எழாது.

உள்ளகப் பயிற்சியும் வெளிநாட்டுப் பட்டமும்

மருத்துவப் பட்டம் பெற்றவர் உடனே முழுப் பதிவு பெறுவதில்லை. முதலில் தற்காலிகமான ஒரு பதிவு. அதை வைத்துக்கொண்டு ஓராண்டு உள்ளகப் பயிற்சி, வழக்கமாக இரண்டு துறைகளில் ஆறு ஆறு மாதம். அது திருப்தியாக முடிந்தது என்ற சான்று வந்தபின்தான் முழுப் பதிவு. இன்டேர்ன் காலத்தில் பின்னேரம் ஒரு தனியார் கிளினிக்கில் இருந்து பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அந்தப் பதிவு பயிற்சி பெறும் வைத்தியசாலைக்குள் மட்டுமே செல்லும்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் விமானச்சீட்டு வாங்குமுன் மருத்துவ சபையின் இணையத்தளத்தில் அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் உயர்தரப் பெறுபேறு சபையின் நுழைவுத் தகுதிக்குள் வருகிறதா என்றும் எழுதிக் கேளுங்கள். திரும்பி வந்தபின் ஈஆர்பிஎம் என்ற பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முகவர் "பட்டியலில் இருக்கிறது" என்று சொன்னால் அவருடைய தொலைபேசியில் பார்க்காதீர்கள், உங்கள் தொலைபேசியில் சபையின் தளத்தைத் திறந்து பாருங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்து அங்கேயே தாதியமோ மருந்தியலோ படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் குச்சவெளியிலும் மூதூரிலும் கணிசம். திறமையான பிள்ளைகள், வேலை செய்ய முடியாமல் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தடை பட்டத்தில் இருப்பதைவிட ஆவணத்தில்தான் கூடுதல். அங்கே பிறந்தவரானால் வம்சாவளி வழியிலான இலங்கைக் குடியுரிமைப் பதிவை முதலில் முடியுங்கள். அது இல்லாமல் அடையாள அட்டை வராது, அடையாள அட்டை இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது. இரண்டாவது, இந்தியாவை விட்டு வருமுன்னே தமிழ்நாட்டுச் சபையின் பதிவுச் சான்றிதழையும், உங்கள் பதிவு குறையில்லாமல் இருக்கிறது என்று அந்தச் சபை தரும் நன்னிலைச் சான்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கை, மணித்தியாலக் கணக்கோடு கூடிய பாடத்திட்டம் ஆகிய இரண்டையும் முத்திரையோடு வாங்குங்கள். இங்கிருந்து கடிதம் எழுதி அவற்றைப் பெறுவது மிகக் கடினம், பாடத்திட்டம் இல்லாமல் இங்குள்ள சபையால் படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் அங்கே நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் அனுப்பி எடுப்பிப்பது நல்லது.

கொழும்புக்குப் போகும் நாள்

இலங்கை மருத்துவ சபை இருப்பது கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதி, 31ஆம் இலக்கத்தில். திருகோணமலையிலிருந்து புறப்படும் இரவு மெயிலில் ஏறி, கோட்டை வரை போகாமல் மருதானையில் இறங்கினால் கிட்ட. விடியுமுன்னே இறக்கிவிடும் என்பதால் முகம் கழுவித் தேநீர் குடிக்க நேரம் இருக்கும். சித்த, ஆயுர்வேதக்காரர்களுக்கு வழி வேறு. ஆயுர்வேதத் திணைக்களம் மஹரகமவுக்கு அருகே நாவின்னவில் இருக்கிறது.

புறப்படுமுன் இணையத்தளத்தில் அன்றைய படிவத்தை இறக்கிப் பாருங்கள், முன்பதிவு வேண்டுமா என்று தொலைபேசியில் கேளுங்கள். படிவங்களும் கட்டணங்களும் மாறுகின்றன. போன வருடம் போனவர் சொன்ன தொகையை நம்பிப் போகாதீர்கள்.

கோப்பை இப்படி அடுக்குங்கள்: மேலே விண்ணப்பம், அதன் கீழே பணம் கட்டிய பற்றுச்சீட்டு, பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்கள், பயிற்சிச் சான்றிதழ், பெயர் பற்றிய சத்தியக் கடதாசி, புகைப்படங்கள். மூலப்பிரதிகளைத் தனி உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள், கேட்டாலன்றி விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாத் தாளுக்கும் இரண்டு போட்டோ கொப்பி, ஒரு தொகுதி வீட்டில். பற்றுச்சீட்டில் உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அண்ணன் தன் பெயரில் கட்டிய பணம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று வங்கிச் சீட்டுச் சொல்லாது.

தமிழில் உள்ள ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை முதலிலேயே அவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதுவார், உங்கள் பெயருக்கு நான்காவது வடிவம் பிறக்கும்.

திரும்பும்போது கையில் ஏற்புக் குறிப்பு இருக்க வேண்டும்: தேதி, கோப்பு இலக்கம், பெற்றுக்கொண்டவரின் முத்திரை. தபாலில் அனுப்பினால் பதிவுத்தபாலில் மட்டுமே அனுப்புங்கள்.

அரச அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால் அதை மூலையில் வைத்துவிடாமல், தமிழ்ப் பிரதி கேட்டு அன்றே எழுதுங்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் பதில் தேதி இருக்கக்கூடும் என்பதால் அதற்குள் யாரிடமாவது வாசித்துக் கேட்டுவிடுங்கள். உரிமையைக் கேட்பதும் தேதியைத் தவறவிடாமல் பார்ப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கோப்பு நகராமல் கிடந்தால், முதலில் கோப்பு இலக்கத்தைச் சொல்லி ஒரு நினைவூட்டற் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அது கருத்துக் கேட்பது போலாகிவிடும். "என் கோப்பு இன்று எந்தப் பிரிவில் இருக்கிறது, கடைசியாக எழுதப்பட்ட குறிப்பின் பிரதியைத் தருக, நான் தர வேண்டிய ஆவணம் எது" என்று கேளுங்கள்.

ஆளின் பதிவு வேறு, இடத்தின் உரிமம் வேறு

மருந்தாளராகப் பதிவு கிடைத்ததும் மத்திய வீதியில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்துப் பாமசி திறந்துவிட முடியாது. மருந்தகத்துக்கான உரிமத்தை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய ஔடத ஒழுங்குமுறை அதிகாரசபை தருகிறது. அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் உணவு மருந்துப் பரிசோதகர் இடத்தைப் பார்க்க வருவார். இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றுக்குக் குளிர்சாதனப்பெட்டி, அதற்குள் ஒரு வெப்பமானி, 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் நிற்கிறதா என்று எழுதும் பதிவுப் புத்தகம், பூட்டக்கூடிய அலுமாரி. திருகோணமலை வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடிக் கடைகள் பின்னேரம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். மருந்து அடுக்கும் தட்டைச் சுவரின் எந்தப் பக்கம் போடுவது என்று அலுமாரிக்காரரிடம் சொல்லுமுன்னே யோசியுங்கள்.

உரிமத்தில் பெயருள்ள மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும். சான்றிதழை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேலை செய்யும் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், இளம் மருந்தாளர்களிடம் இதைக் கையெடுத்துக் கேட்கிறோம். அந்தக் கடையில் உதவியாளர் தவறான அளவு மருந்து கொடுத்து ஒரு குழந்தைக்கு ஏதும் நேர்ந்தால் முதலில் எழுதப்படுவது சுவரில் தொங்கும் சான்றிதழில் உள்ள பெயர்தான்.

கிளினிக், ஆய்வுகூடம், பல் சிகிச்சை நிலையம் வைப்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம். மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அலுவலகம் உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படுவது இங்கேதான். விண்ணப்பம் அவர் வழியாகத்தான் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்குப் போகிறது. இதுவும் ஆண்டுதோறும். மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ தரும் வியாபார உரிமம் இதற்கு ஈடாகாது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் "ஆயுர்வேத" என்ற பெயர்ப்பலகையோடு மசாஜ் நிலையம் திறக்க நினைப்பவர்களும் வியாபார உரிமத்தோடு நின்றுவிடாமல் ஆயுர்வேதத் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு வைத்தியர் ஊர் மக்களுக்கு இலவச முகாம் நடத்த விரும்பினால், நல்ல மனம், ஆனால் அவருக்கும் மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு முதலில் வேண்டும்.

பரம்பரை வைத்தியர் வீடுகளுக்கு

தம்பலகாமத்திலும் மூதூரிலும் சம்பூரிலும் முறிவு நெரிவு, விஷகடி, கண் வைத்தியம் பார்த்த குடும்பங்கள் உண்டு. அந்த அறிவுக்கு ஆயுர்வேதச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. குருவிடம் கற்றவர்களும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுக்குப் போகலாம், முறிவு, கண், விஷம் என்று ஒரு துறைக்கு மட்டுமான சிறப்புப் பதிவும் இருக்கிறது.

பதிவு சொத்துப் போல் இறங்கி வருவதில்லை. தகப்பனார் காலமானபின் அவருடைய பதிவு எண் உள்ள பலகைக்குக் கீழேயே மகன் இருந்து எண்ணெய் கட்டுகிறார், ஊரும் வருகிறது. சட்டத்தின் கண்ணில் அவர் பதிவில்லாதவர். தகப்பனார் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது: எந்த ஆண்டிலிருந்து யாரிடம் கற்கிறார் என்று குருவின் கையெழுத்தோடு கடிதம், குருவின் பதிவுச் சான்றிதழின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்று, அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். சபையில் நேரில் கேள்வி கேட்டு அறிவைச் சோதிப்பார்கள். மூலிகையை ஊர்ப் பெயரில் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் தடுமாற்றம் வரும். திருகோணமலைப் பக்கம் ஒரு பெயரும் யாழ்ப்பாணத்தில் வேறொரு பெயரும் உள்ள செடிகள் பல. சித்த நூற் பெயரையும் சிங்களப் பெயரையும் பக்கத்தில் எழுதிப் படித்துக்கொண்டு போங்கள்.

முறிவுக்குப் பதிவு பெற்றவர் முறிவு மட்டுமே பார்க்கலாம். விஷகடி பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: பாம்பு கடித்தவரை வைத்தியசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்து உயிர் போனால் எந்தப் பதிவும் காப்பாற்றாது. விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. முதலில் ஆளை அனுப்புங்கள்.

எண் கிடைத்த பிறகு

பதிவு எண் வந்த அன்றே சபையின் இணையத்தளப் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அந்த வாரமே எழுதித் திருத்துங்கள். மருத்துவ சபையில் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகத் தொலைபேசியில் ஒரு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.

வீடு மாறினால் முகவரியைச் சபைக்கு அறிவியுங்கள். ஒருவர் உங்கள்மேல் சத்தியக் கடதாசியோடு முறைப்பாடு செய்தால் பூர்வாங்க விசாரணைக் குழுவின் கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் வரும். அது பழைய வாடகை வீட்டில் கிடந்தால், பதில் சொல்ல வேண்டிய நாள் உங்களுக்குத் தெரியாமலே கடந்துவிடும்.

கட்டாருக்கோ டுபாய்க்கோ போக நினைப்பவர்கள் சபையிடமிருந்து நன்னிலைச் சான்று கேட்க வேண்டிவரும். அதற்குக் குறுகிய செல்லுபடிக் காலமே உண்டு என்பதால் மற்ற ஆவணங்கள் எல்லாம் தயாரான பிறகு கடைசியாக விண்ணப்பியுங்கள். அந்த நாடுகளுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பில் உங்கள் கல்லூரிக்கும் சபைக்கும் நேரடியாகக் கடிதம் போகும். அதற்குப் பதில் எழுதுகிறவர் பார்ப்பதும் அந்தப் பழைய கோப்பைத்தான், அதில் உள்ள அதே எழுத்துக்கூட்டலைத்தான்.